கடைக்கு மீம்: டெம்ப்ளேட்டா, மீம் பேஜா, சொந்தப் படமா?

சின்னக் கடைகளுக்கு சமூக ஊடகப் பக்கம் பார்த்துக்கொள்வது என் வேலை. மீம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் மூன்று வழி இருக்கிறது என்பேன்: ஓடிக்கொண்டிருக்கும் டெம்ப்ளேட்டில், அதாவது எல்லோரும் எடுத்துப் போடும் படத்தில், நம் வரியை எழுதுவது, மீம் பேஜுக்குப் பணம் கட்டிப் போடச் சொல்வது, சொந்தமாக ஒரு கதாபாத்திரத்தை வரைந்து தொடர்ந்து போடுவது. நான் மூன்றாவதன் கட்சி.

டெம்ப்ளேட்டில் செலவே இல்லை. வடிவேலு முகம் ஒன்று, கீழே ஒரு வரி, மூலையில் லோகோ, பத்து நிமிட வேலை. ஷேரும் வரும். ஆனால் அந்தச் சிரிப்பு யாருடைய கணக்கில் சேர்கிறது? 2019 மே மாத இறுதியில், ‘பிரண்ட்ஸ்’ படத்தில் தலையில் சுத்தியல் விழும் வடிவேலு பாத்திரமான நேசமணிக்காக ட்விட்டரில் உலகமே பிரார்த்தித்தது. சுத்தியல் படத்தைப் போட்டு ‘உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்’ என்று கேட்ட ஒரு முகநூல் பக்கத்தில் நம்மவர் ஒருவர் எழுதிய கமெண்டில் தொடங்கியது அது. இன்றைக்கும் நேசமணி நினைவிருக்கிறார், சுத்தியல் நினைவிருக்கிறது. அன்று அதில் லோகோ ஒட்டிய ஒரு கடையின் பெயராவது உங்கள் நினைவுக்கு வருகிறதா? அதே ஆண்டு ஜூலையில் ஓட்டல் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் சொமேட்டோ, ‘அவ்வப்போது வீட்டுச் சாப்பாடும் சாப்பிடுங்கள்’ என்று இந்தியில் ட்வீட் போட்டது. யூடியூப் இந்தியா, அமேசான் பிரைம் வீடியோ எல்லாம் அதே பாணியில் எழுதின. பேர் என்னவோ முதலில் சொன்ன சொமேட்டோவுக்குத்தான் போனது.

அப்புறம், உரிமைப் பிரச்சினை. தனிமனிதர் மீம் போடுவது வேறு, பொருள் விற்பவர் போடுவது வேறு. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றதும் அனுமதி கேட்காமல் அவர் படத்தோடு வாழ்த்துப் போட்ட பல பிராண்டுகளுக்கு எதிராக அவரை நிர்வகிக்கும் நிறுவனம் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. அமெரிக்காவில், சிடுசிடு முகத்தால் மீமில் பிரபலமான ‘கிரம்பி கேட்’ பூனையின் படத்தைக் குளிர்காபிக்கு மட்டும் உரிமம் வாங்கிய நிறுவனம் அதைக் காபித்தூளிலும் டி-ஷர்ட்டிலும் போட்டது. 2018இல் 7 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. உரிமம் வாங்கியவருக்கே இந்தக் கதி. நடிகர் முகத்தைக் கேட்காமல் எடுத்து வியாபாரத்துக்குப் போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

மீம் பேஜ் விஷயம் எளிது. பட வெளியீடு, செயலி டவுன்லோட், ஆன்லைன் தள்ளுபடி என்று ஊர் முழுக்க ஒரே நாளில் தெரியவேண்டிய சேதிக்கு அது சரி. ஒரு தெருவில் விற்கும் கடைக்கு எங்கோ இருக்கும் ஃபாலோயர்களின் ரீச் எதற்கு? காசு வாங்கிப் போட்டால் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021லேயே விதி வகுத்திருக்கிறது. குறிப்பிட மறுக்கும் அட்மினிடம் போகாதீர்கள்.

மூன்றாவதற்கு முன்னோடி அமுல். புள்ளி போட்ட கவுன் போட்ட அந்தச் சிறுமி 1966லிருந்து வருகிறாள். முகம் ஒன்றே, வரி மட்டும் அந்த வாரச் செய்திக்குத் தகுந்தபடி மாறும். மீம் என்ற சொல் நமக்குத் தெரியுமுன்பே மீம் செய்யும் வேலையை அவள் செய்துவிட்டாள். பார்த்ததும் வெண்ணெய் நினைவுக்கு வருகிறது, வேறெதுவும் வருவதில்லை. (அமுல் பிரபலங்களையும் வரையும். அதை மட்டும் சின்னக் கடை பின்பற்ற வேண்டாம்.)

நான் பார்த்துக்கொள்ளும் பலகாரக் கடை ஒன்றில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு கைமுறுக்குக்குக் கண் வைத்து, முறுக்கு மீசையும் வைத்து ‘முறுக்கண்ணன்’ என்று பெயர் சூட்டினோம். மின்வெட்டு, பரீட்சை, ஆடித் தள்ளுபடி என்று தெருவில் பேசுவதையெல்லாம் அவர் பேசுவார். முதல் இரண்டு மாதம் டெம்ப்ளேட் மீமுக்கு வந்த லைக்கில் பாதிகூட வரவில்லை. கடைக்காரர் சோர்ந்துபோனார், எனக்கும் பயம்தான். மூன்றாவது மாதம் ஒரு அம்மா கடைக்கு வந்து, “முறுக்கண்ணன் கால் கிலோ குடுங்க” என்றார். இப்போது பொட்டலத்தின் மேலும் அவர் படம்தான்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: வாரம் ஒரு படம் போதும். உள்ளூரில் வரையத் தெரிந்த மாணவரிடம் கொடுங்கள், அந்தப் படங்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கே என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு நாலு மாதம் முன்பே ஆரம்பித்தால் கூட்டம் வரும் நேரத்துக்கு அந்த முகம் பழகியிருக்கும்.