கடல் தொட்டிக்குக் கல்: வாங்குவதா, வீட்டில் வார்ப்பதா?

"ஏய்யா, கல்லையா ஊறப் போட்டிருக்க? உளுந்துன்னு நெனச்சியா?"

தூத்துக்குடியிலிருந்து வீடியோ காலில் அம்மா கேட்டாள். காரேஜில் நான்கு பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் இருபது பவுண்டுக்கு மேல் சாம்பல் வெள்ளைக் கட்டிகள், அவை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். ஊறப் போட்டு அது ஐந்தாவது வாரம். கார் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

75 காலன் கடல்நீர் மீன்தொட்டி வாங்கிய எவருக்கும் விளக்குக்கும் பம்புக்கும் முன்னால் வருகிற செலவு கல். அழகுக்காக மட்டும் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது அந்தக் கல்லில்தான். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் நைட்ரேட்டைச் சிதைத்து வாயுவாக வெளியேற்றும் இன்னொரு கூட்டம் இருக்கும். கல்தான் தொட்டியின் வடிகட்டி. காலனுக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு என்பது பழைய கணக்கு. இப்போது அவ்வளவு அடைப்பவர்கள் குறைவு. நான் 90 பவுண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்று வழி இருந்தது: கடலில் ஊறி உயிரோடு வரும் கல், நிலத்தில் வெட்டிய உலர்ந்த கல், வீட்டில் சிமென்டில் வார்க்கும் கல். மூன்றாவதற்கு நான் போனதற்குக் காரணம் ஆஸ்டினில் நடந்த ஒரு பவளத் தொட்டிக்காரர்கள் கூட்டம். பள்ளி உணவுக்கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஃபிராக் ஸ்வாப் என்று பெயர். ஆளாளுக்குத் தங்கள் தொட்டியில் வளர்ந்த பவளத்தைத் துண்டு போட்டு, சூப்பர் குளூவால் சின்னச் சின்னக் கட்டைகளில் ஒட்டி, பிளாஸ்டிக் கப்பில் வைத்து, கூலர் பெட்டியில் தூக்கி வந்து மாற்றிக்கொள்வார்கள். நம் பக்கத்து வீடுகளில் செம்பருத்திப் பதியன் கைமாறுவது போலத்தான், நீல விளக்கு மட்டும் கூடுதல். ஓரத்தில் கட்டட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வாளியும் கையுறையுமாக உட்கார்ந்து கல் வார்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஊதாப் பாசி படர்ந்த இரண்டு கற்களை எடுத்து நீட்டி, எது கடலில் விளைந்தது என்று கேட்டார். நான் தப்பாகச் சொன்னேன். பக்கத்திலிருந்த என் மகள் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப கனமா இருக்குப்பா, இதுதான் செஞ்சது" என்றாள். அவள் சொன்னது சரி. வார்த்த கல்லின் பெரிய குறையும் அதுதான், பிறகு வருகிறேன்.

உயிர்க்கல்லை முதலில் முடித்துவிடலாம். வேகம் வேண்டுமானால் அதற்கு நிகர் இல்லை. பாக்டீரியா, ஊதாப் பாசி, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் எல்லாம் கூடவே வந்து இறங்கும். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடல் கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தி 1961இல் எழுதியதிலிருந்து, இந்த வழிக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. ஆனால் கல்லோடு வருவது எல்லாம் விருந்தாளி அல்ல. ஐப்டேசியா என்ற கொட்டும் அனிமோன் ஒன்று வந்தால் ஒரு வருடத்தில் ஐம்பது ஆகும். தெரிந்த ஒருவர் வீட்டுத் தொட்டியில் ராத்திரியில் டக் டக் என்று சத்தம் கேட்டு, மீன்கள் குறையக் குறையத்தான் உள்ளே மேன்டிஸ் இறால் இருப்பது தெரிந்தது. ஈரத்தோடு விமானத்தில் வருவதால் கல் விலையோடு எடைக்கும் அழ வேண்டும்.

எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு, அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பவளக்கல்லை வெட்டி எடுத்துக் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போனதற்கு அப்படிக் கல்லை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். 1986இல் அது தேசியப் பூங்காவானது, 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு உயிர்க்கல் என்ற பேச்சே எழக் கூடாது. நியாயமாகச் சொன்னால், இங்கே ஃபுளோரிடாவிலிருந்து வரும் கல்லுக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. அங்கும் கூட்டாட்சிக் கடற்பகுதியில் இயற்கைக் கல்லை எடுப்பது 1997இலேயே நின்றுவிட்டது. இப்போது வருவது, நிலத்துச் சுண்ணாம்புக் கல்லைக் குத்தகைக் கடல்தரையில் கொட்டி, மேலே உயிர் படரும்வரை விட்டு எடுக்கும் விளைச்சல். அப்படியிருந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

உலர்கல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழங்காலப் பவளத்திட்டு நிலமாகி, அதை வெட்டி எடுத்து விற்கிறார்கள். பூச்சி வராது, லேசானது, துளை நிறைய, கடையில் வாங்கிய அன்றே அடுக்கலாம். முதல் சில மாதங்கள் பழுப்புப் பாசி, பச்சை முடிப்பாசி என்று தொட்டி பார்க்கச் சகிக்காது. சில கற்கள் பாஸ்பேட்டைக் கக்கும். நான் வாங்கப் போனபோது பவுண்டுக்கு 4 டாலர். 90 பவுண்டுக்கு 360. என் கலவைச் செலவு எல்லாம் சேர்த்து 80 டாலருக்குள் முடிந்தது. வெறும் பணக் கணக்கு பார்ப்பவர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திச் சிமென்ட் வாங்கப் போய்விடுவார்கள். போகாதீர்கள்.

வார்க்கும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். வெள்ளைப் போர்ட்லேண்ட் சிமென்ட் ஒரு பங்கு. விரைவில் இறுகும் வகையோ, வேறு சரக்கு கலந்த வகையோ வேண்டாம். கோழித் தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும் நொறுக்கிய சிப்பி ஓடும் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணலும் சேர்த்து மூன்று பங்கு. கடைசியாகக் கல்லுப்பு இரண்டு பங்கு. உப்பு பிறகு தண்ணீரில் கரைந்து போகும், அது இருந்த இடம் துளையாகும். அரகோனைட்டையும் கான்கிரீட்டையும் சேர்த்து அரகோக்ரீட் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு என்று அந்தப் பெரியவரிடம் கேட்டபோது கையில் பிடித்துக் காட்டினார், பார்த்ததும் புரிந்துவிட்டது. புட்டுக்கு மாவு பிசிறும் பதம். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் கூடினால் துளை இல்லாத அம்மிக்கல்தான் கிடைக்கும். ஈர மணலில் குழி பறித்து, கலவையை அழுத்தாமல் அள்ளிப் போட்டு, குகை வேண்டிய இடத்தில் மணலைத் திணித்து மூடினேன். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சிமென்ட் தோலை அரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. மீதி மூன்று மாதம்தான் விஷயமே.

சிமென்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. வேறொன்றுமில்லை, வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்பு. கொஞ்சம் கூடினால் நாக்கு வெந்துபோகும் இல்லையா? பவளத் தொட்டியின் பிஎச் 8.0 முதல் 8.4 வரை இருக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் 12ஐத் தாண்டும். ஊறாத கல்லைத் தொட்டியில் இறக்கினால் மீனின் செவுளுக்கு நடப்பது அந்த நாக்குக்கு நடப்பதுதான். அதே நேரம் அது விஷமும் இல்லை. கால்க்வாசர் என்று ஜெர்மன் பெயரில் இதே சுண்ணாம்புத் தெளிவைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பவளத்துக்குக் கால்சியம் கொடுப்பவர்கள் பலர். சொட்டாக வருகிறதா, குடமாக வருகிறதா என்பதுதான் வித்தியாசம்.

முதல் நான்கு வாரம் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஈரமாகவே வைத்திருந்தேன். கட்டடத்தில் புதுத் தளத்துக்குத் தண்ணீர் கட்டுவது போல; டெக்சாஸ் வெயிலில் காயவிட்டால் பலம் ஏறாமல் பொரிந்துவிடும். பிறகு டப்பாவில் மூழ்கடித்து வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். முதலில் உப்பு கரையும். பிறகு மேலே வெள்ளை ஏடு படியும். கரைந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. அந்த ஏட்டைப் பார்க்கும்போதெல்லாம் காளவாசல் ஞாபகம் வரும். அங்கே கல்லைச் சுட்டு எதைத் துரத்தினார்களோ அது இங்கே தானாக வந்து ஒட்டுகிறது. மாற்றிய தண்ணீரைப் புல்லில் கொட்டாதீர்கள். எங்கள் பின்கட்டில் ஒரு வட்டம் இன்னும் மொட்டையாக இருக்கிறது, வீட்டில் அதற்கு என் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வினிகரில் போட்டால் ஒரு வாரத்தில் முடியும் என்பார்கள். ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளில் பிஎச் அழகாக இறங்கியது, நல்ல தண்ணீருக்கு மாற்றிய நான்காம் நாள் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. மேற்புறத்தை மட்டும் தின்றுவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே விட்டிருக்கிறது.

என் பெரிய முட்டாள்தனம் ஏழாவது வாரம். வாளியில் ஒரு கல், குழாய்த் தண்ணீர், 24 மணி நேரம் கழித்துச் சோதனை: 9.5. இன்னொரு வாரம்: 9.5. இன்னொரு வாரம்: அதே 9.5. கலவையே தப்பு என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் உடைக்கச் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான், கல் போடாத வாளியையும் சோதித்தீர்களா என்று மனைவி கேட்டாள். சோதித்தால் அதுவும் 9.5! ஆஸ்டினில் கடினநீரை மென்மையாக்கச் சுண்ணாம்பு சேர்த்துத்தான் குழாயில் விடுகிறார்கள். தண்ணீரின் இயல்பே அவ்வளவுதான். இரண்டு வாரம் சும்மா ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் சோதிப்பதும் சரிவராது, அதில் பிஎச் மாறாமல் தாங்கும் திறன் இல்லாததால் துளி சுண்ணாம்புக்கே பிஎச் எகிறும். கடைசியில் தொட்டிக்குக் கலக்கும் அதே உப்புத் தண்ணீரை இரண்டு வாளியில் எடுத்து, ஒன்றில் கல், ஒன்றில் வெறும் நீர், இரண்டிலும் காற்றுக் குழாய் விட்டு, இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். 8.2, 8.3. அன்றைக்கு அடுக்கினேன். நீங்கள் செய்தால் கல் போடாத வாளியை முதல் வாரமே வையுங்கள்.

இரண்டரை வருடம் ஆகிறது. பவளங்கள் ஒட்டிக்கொண்டு படர்கின்றன, முன்பக்கக் கற்களில் ஊதாப் பாசி ஏறிவிட்டது. அதற்கு விதை, அந்தப் பெரியவர் தன் தொட்டியிலிருந்து கொடுத்த உள்ளங்கையளவு கல். வேண்டாம் என்று சொன்ன உயிர்க்கல் அந்த அளவுக்கு என் தொட்டியிலும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. எனக்கு மிகப் பிடித்தது வடிவம். 48 அங்குல நீளத் தொட்டிக்குள் ஒரே வளைவு, அடியில் மீன் நீந்திப் போகும் குகை. கடையில் எந்தக் குவியலைப் புரட்டினாலும் அது கிடைக்காது.

கனம் கனம்தான். உப்புத் துளை எவ்வளவு விட்டாலும் இயற்கைக் கல்லின் உள்துளை அளவு வராது, பவுண்டுக்குப் பவுண்டு பாக்டீரியா குறைவாகத்தான் தங்கும் என்று நினைக்கிறேன். அளந்து பார்த்ததில்லை. மீன்களை நான் குறைவாக வைத்திருப்பதால் சமாளிக்கிறதோ என்னவோ. பத்து வருடம் தண்ணீரில் கிடந்தால் பலம் எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. விற்கவும் முடியாது, உலர்கல்லைப் பாதி விலைக்காவது எடுப்பார்கள், வார்த்த கல்லைச் சும்மா கொடுத்தாலும் "ஊறியிருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

தொட்டி ஏற்கெனவே வந்துவிட்டது, குழந்தை தினமும் மீன் எங்கே என்று கேட்கிறது என்றால் உலர்கல் வாங்குங்கள், 280 டாலர் கூடப் போனால் போகட்டும். அந்த அவசரத்தில் சிமென்ட் கல் வார்ப்பவர் ஒன்பதாவது வாரத்தில் பொறுமை இழந்து இறக்கிவிடுவார். நான் அந்த ஒன்பதாவது வாரத்தில் சுத்தியல் தேடியவன்.

இப்போது படிக்கும் அறைக்குச் சின்னதாக இன்னொரு தொட்டி யோசித்திருக்கிறேன். கல்லைப் போன மாதமே ஊறப் போட்டாயிற்று. தொட்டி இன்னும் வாங்கவில்லை.