தனியாகக் கணிதம் படிக்க: ஒரு பருவமா, எட்டு வாரமா?

பாடத்திட்டத்துக்கு வெளியே, ஒரு வழிகாட்டியோடு கணிதம் படிப்பதில் இரண்டு முறைகளை ஒப்பிடலாம். ஒன்று, 2003-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்கள் தொடங்கி, பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் பரவிய டைரக்டட் ரீடிங் புரோகிராம். மற்றது, நம் நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம்.

முதலாவதில் வழிகாட்டி பிஎச்.டி. மாணவர். பொதுவாக வாரம் ஒரு மணி நேரச் சந்திப்பு, நான்கு மணி நேரத் தனிப்படிப்பு, பருவ முடிவில் ஒரு சிறு உரை. இரண்டாவதில் வழிகாட்டி பேராசிரியர் அல்லது விஞ்ஞானி. எட்டு வாரமும் அந்த ஒரே வேலைதான், முடிவில் அறிக்கை. கையில் பணமும் வரும், அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவருக்கு முதல் முறைதான் சரி. காரணம் அந்த ஒரு மணி நேரம். புத்தகத்தை மூடிவிட்டுப் பலகையில் சைலோ தேற்றத்தை நிறுவ வேண்டும். ஒரு குலத்தின் (பெருக்கலும் நேர்மாறும் உள்ள கணம்) உறுப்பு எண்ணிக்கையை ஒரு பகா எண்ணின் எந்த உச்ச அடுக்கு வகுக்கிறதோ, அத்தனை உறுப்புள்ள உட்குலம் அதில் உண்டு என்பதே அது. 12-ஐ வகுக்கும் 2-இன் உச்ச அடுக்கு 4. 12 உறுப்புகள் உள்ள குலத்தில் 4 உறுப்பு உட்கணங்கள் 495, ஒற்றைப்படை. குலத்தின் உறுப்புகளால் அவற்றை இடப்பக்கம் பெருக்கினால், ஒன்றிலிருந்து மற்றொன்று கிடைக்கும் உட்கணங்கள் சேர்ந்த சுற்றுகளாக அவை பிரியும்; ஒற்றைப்படை அளவுள்ள சுற்று ஒன்றாவது வரும். அதிலுள்ள ஓர் உட்கணத்தை மாற்றாமல் வைக்கும் உறுப்புகளே 4 உறுப்பு உட்குலம். "ஏன் 4? 2 எடுத்தால் என்ன?" என்று வழிகாட்டி கேட்பார். 66 வரும், இரட்டைப்படை, இதே வாதம் அப்படியே நிற்காது. வரிவரியாக வாசித்தவருக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

இதிலும் ஓட்டை உண்டு. இன்டர்னல் தேர்வு வந்தால் சந்திப்பு தள்ளிப்போகும். இரண்டு வாரம் விட்டால் தொடர்ச்சி போயிற்று. கோடைத் திட்டத்தில் சிக்கல் வேறு: வழிகாட்டி வெளியூர் போய்விட்டால் கேட்க ஆளில்லை, அறிக்கை புத்தகத்தை அப்படியே லாடெக்கில் (கணிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள்) தட்டச்சு செய்ததாக முடியும். குலம், வளையம், மெய்ப்பகுப்பாய்வு ஆகிய மூன்று பாடங்களிலும் கால் ஊன்றியவருக்கு எட்டு வாரம் பொன்னான வாய்ப்பு. மற்றவர்களுக்கு அதற்கு முன் எம்.டி.டி.எஸ். நல்லது, 1993 முதல் நடக்கும் கணிதக் கோடைப் பயிற்சி அது.

கல்லூரியில் எந்தத் திட்டமும் இல்லையென்றால் ஓர் இளம் ஆசிரியரைக் கேளுங்கள். "இயற்கணிதம் படிக்க வேண்டும்" என்று போகாதீர்கள். எட்ட வேண்டிய தேற்றம் ஒன்று, அதுவரை அறுபது பக்கம், வாரத்துக்கு ஆறு பக்கம், நாலு கணக்கு என்று எழுதிக் கொண்டுபோங்கள். கிழமையையும் நேரத்தையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.