ஏரியல் ஸ்குயர் ஃபோர் மார்க் 2: வாங்குமுன் பின் சிலிண்டர்களைப் பாருங்கள்

ஏரியல் ஸ்குயர் ஃபோர் நாலு சிலிண்டர் கொண்ட பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள். விற்பனைக்கு வரும் வண்டியில் பளபளக்கும் டேங்கையும் குரோமையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாலு பிளக்கையும் கழற்றி, பின்னால் இருக்கும் இரண்டையும் முதலில் பாருங்கள். அவை மட்டும் வெளுத்திருந்தால் அங்கே சூடு ஏறிக்கொண்டிருக்கிறது.

காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. எட்வர்ட் டர்னர் வரைந்து 1930-ல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வந்த இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. முன் ஜோடிக்கு ஒரு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), பின் ஜோடிக்கு ஒன்று. இரண்டையும் பல்சக்கரங்கள் கோர்ப்பதால் எதிரெதிர்த் திசையில் சுழலும். நாலு சிலிண்டர் இருந்தும் எஞ்சின் இரட்டை சிலிண்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஓட்டத்தில் அதிர்வும் மிகக் குறைவு. டாப் கியரிலேயே நடை வேகத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுவைக்காகவே இந்த வண்டியை நேசிக்கலாம். ஆனால் எதிர்க்காற்று முழுவதும் முன் ஜோடிக்குத்தான். பின் ஜோடிக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடான காற்று.

1937-ல் 997 சிசி புஷ்ராட் எஞ்சினாக, அதாவது வால்வுகளை நீண்ட தண்டுகள் திறக்கும் எஞ்சினாக, மாறியபோதும் ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) பிளாக்கும் (சிலிண்டர்கள் அமைந்த பகுதி) வார்ப்பிரும்புதான். 1949-ன் மார்க் 1-ல் இரண்டும் அலுமினியமாகி, எடை ஏறத்தாழ 15 கிலோ குறைந்தது. 1953-ல் வந்த மார்க் 2-ல் புதிய ஹெட், நாலு எக்ஸாஸ்ட் குழாய், 40 குதிரைத்திறன். மணிக்கு 160 கி.மீ. வரை போகும். மூன்றில் சூட்டை நன்றாகச் சமாளிப்பது இதுதான். ஆனாலும் நெரிசலில் நின்று நின்று ஓட்டத் தோதான வண்டி இல்லை. நிறுத்திவைத்து ஐடிலில் ஓடவிடுவதையும் தவிருங்கள்.

சூடு மீறினால் அலுமினிய ஹெட் வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கட் பழுதாகும். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்து நாலு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். பின் ஜோடி மட்டும் தாழ்ந்திருந்தால் ஹெட்டைக் கழற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பிந்தியிருந்தாலும் கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் சூடு கூடும். சிலிண்டர்களுக்கு நடுவே ஃபின்களில் (சூட்டை வெளியேற்றும் தகடுகளில்) ஆயிலும் மண்ணும் அப்பியிருப்பது பல வண்டிகளில் கவனிக்கப்படாத காரணம். ஆயில் கூலர் பொருத்திய வண்டி கிடைத்தால் அதை ஒரிஜினல் இல்லை என்று ஒதுக்க வேண்டாம்.

ஸ்டார்ட் செய்ததும் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து, ஆயில் திரும்பி வருகிறதா பாருங்கள். ஆயில் பம்ப்பின் பால் வால்வில் (சிறு குண்டு மூடித் திறக்கும் வால்வு) தூசி சிக்கினால் அந்த ஓட்டம் நின்று, ஆயில் கிராங்க்கேஸிலேயே (கிராங்க்குகள் இருக்கும் எஞ்சினின் அடிக்கூடு) தேங்கிவிடும். கீழிருந்து சீராக இல்லாமல் கடகடவென்று சத்தம் வந்தால் இரண்டு கிராங்க்குகளையும் கோர்க்கும் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம். அது எஞ்சினையே பிரிக்க வேண்டிய வேலை.

பின் சஸ்பென்ஷன் ஆன்ஸ்டி லிங்க் வகை. செயின் இறுக்கம் மாறாதபடி சக்கரம் வளைவாக ஏறி இறங்கும். யோசனை அருமை, பராமரிப்பு அதிகம். கிரீஸ் தவறினால் லிங்க்கின் மூட்டு ஊசிகளும் அவை சுழலும் புஷ்களும் (உள்வளையங்கள்) தேய்ந்து, வளைவில் பின்பக்கம் ஆடும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தாலே தெரிந்துவிடும்.