அதிர்வு அலாரம்: சத்தம் கேட்டு இயங்குவதா, ரேடியோ இணைப்பா?

சாதாரணப் புகை அலாரம் ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸில் அலறும். வயதானால் முதலில் மங்குவது அந்த உயர்ந்த சத்தங்கள்தான். அதனால்தான் தூங்குபவரை அதிர்ந்து எழுப்ப, தலையணைக்கடியில் வைக்கும் அதிர்வுத் தட்டு. அமெரிக்காவில் இது இரண்டு வகையில் கிடைக்கிறது: ஒன்று, புகை அலாரத்தின் சத்தத்தைக் கேட்டு அதிரும்; மற்றது, அலாரம் அனுப்பும் ரேடியோ சிக்னலால் அதிரும்.

செலவு: சத்தம் கேட்கும் வகைக்கு ஒரே கருவி போதும், இருக்கிற அலாரமே சத்தம் தரும். ரேடியோ வகைக்குப் பெரும்பாலும் அலாரங்களையும் அதே நிறுவனத்தில் வாங்க வேண்டும்.

நம்பகம்: இங்கேதான் வித்தியாசம். முதல் வகை, மூன்று பீப், சிறு இடைவெளி என்ற டி-3 தாளத்தைத் தேடும். தொடர்ந்து ஊளையிடும் பழைய அலாரத்தைக் கவனிக்காமல் விடலாம். படுக்கையறைக் கதவு மூடியிருந்து, அலாரம் கூடத்தில் அடித்தால் சத்தம் போதாமலும் போகும். ரேடியோவுக்குக் கதவு அவ்வளவு தடையில்லை.

பயணம்: சத்தம் கேட்கும் கருவியை விடுதிக்கும் எடுத்துப் போகலாம். மற்றது வீட்டோடு சரி.

எதை வாங்கினாலும் தட்டு நழுவாமல் இருக்கட்டும். தடித்த மெமரி ஃபோம் மெத்தைக்கடியில் வைத்தால் அதிர்வு அதிலேயே அமுங்கிவிடும். கரண்ட் போனால் பேட்டரியிலும் தட்டு அதிருமா என்று கேட்டு வாங்குங்கள். காதில் மாட்டும் கேட்புக் கருவியைக் கழற்றிவிட்டு, கதவை மூடிப் படுத்து, அலாரத்தின் சோதனைப் பொத்தானை வேறொருவரை அழுத்தச் சொல்லுங்கள்.

வாடகை ஓரறை வீடு, அடிக்கடி வெளியூர் என்றால் முதல் வகை. மாடி வீட்டுக்கு ரேடியோதான், காசு பார்க்க வேண்டாம்.