ஒரு பில், நாலு டேபிள்: எப்படிக் கோர்ப்பது?

மொத்த மளிகைக் கடை ஒன்றுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் கடைக்கார அண்ணாச்சி போன் பண்ணினார். “தம்பி, ஒரு பார்ட்டிக்கு நான்தான் ரெண்டேகால் லட்சம் தரணும்னு காட்டுது. காசு தர வேண்டியது அவரு. கொஞ்சம் பாருங்க.”

பார்த்தேன். பில்லில் 12 சரக்கு, மொத்தம் 18,400 ரூபாய். பார்ட்டி மூன்று தவணையாக 5,000, 5,000, 4,000 கட்டியிருந்தார். சரக்கு இரண்டு லோடாகப் போயிருந்தது. பாக்கி 4,400 என்று வந்திருக்க வேண்டும். திரையில் இருந்ததோ மைனஸ் 2,25,600.

தப்பு என்னுடையதுதான். டேட்டாபேஸில் பில், சரக்கு, வசூல், லோடு என்று நாலு டேபிள் (அட்டவணை). நாலையும் ஒரே ஜாயினில், அதாவது பொது எண்ணை வைத்து டேபிள்களைச் சேர்த்துக் கேட்கும் ஒரே குவெரியில் இழுத்து, கோடில் ஒரு ‘பில்’ ஆப்ஜெக்டில் (ஒரு பில்லின் விவரமெல்லாம் சேர்ந்த பொட்டலம்) கொட்டியிருந்தேன். வசூலுக்கும் சரக்குக்கும் நேரடி உறவு கிடையாது, இரண்டுக்கும் பொது பில் எண் மட்டும்தான். அதனால் டேட்டாபேஸ் ஒவ்வொரு சரக்கையும் ஒவ்வொரு தவணையோடும் ஒவ்வொரு லோடோடும் ஜோடி சேர்த்தது. 12 × 3 × 2, ஆக 72 வரிசை. சரக்குத் தொகை 6 மடங்காகி 1,10,400. கட்டிய 14,000 ரூபாய் 24 மடங்காகி 3,36,000. கழித்தால் அண்ணாச்சி சொன்ன தொகை வந்துவிடும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் முதலில் கை போவது, திரும்பத் திரும்ப வரும் மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் மேல்தான். எனக்கும் போனது. தொகையைக் கூட்டும் இடத்தில் டிஸ்டிங்க்ட் போட்டதும் சரக்குத் தொகை சரியாகிவிட்டது; 12 சரக்கின் விலையும் வேறு வேறாக இருந்தது என் அதிர்ஷ்டம். வசூலில் மாட்டிக்கொண்டேன். இரண்டு 5,000 தவணையையும் ஒன்றாக எண்ணி, கட்டியது 9,000 என்றது, பாக்கி 9,400 ஆகிவிட்டது. மைனஸ் இரண்டு லட்சத்தை யாரும் நம்ப மாட்டார்கள். 9,400-ஐ நம்பி பார்ட்டியிடம் வசூலுக்கே போய்விடுவார்கள்.

இதற்கென்று இருக்கிற வழிகள் ஒவ்வொன்றையும் அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன்.

ஒரே ஜாயின் என்பது கெட்ட வழி இல்லை. பில்லோடு வாடிக்கையாளர் பெயர், ஊர், ஜிஎஸ்டி எண் வேண்டுமென்றால் ஜாயினை மிஞ்ச எதுவும் கிடையாது. ஒரு பில்லுக்கு ஒரு வாடிக்கையாளர்தான், வரிசை பெருகாது. ஒன்றுக்குப் பல என்கிற கிளை ஒன்றே ஒன்று இருந்தாலும் சமாளிக்கலாம்: பில்லும் சரக்கும் மட்டும் என்றால் 12 வரிசை வரும், பில் எண் மாறும்போது புது ஆப்ஜெக்ட் தொடங்கினால் போதும். டாட்நெட்டில், குவெரி முடிவை ஆப்ஜெக்டாக்கித் தரும் டாப்பர் என்கிற லைப்ரரி இதை நன்றாகவே செய்யும். எந்த நெடுவரிசையில் அடுத்த டேபிள் தொடங்குகிறது என்று ஸ்பிளிட்ஆன் வழியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ‘ஐடி’ என்கிற பெயரைத் தேடும். இன்னர் ஜாயின் போட்டால் ஒரு தவணைகூடக் கட்டாத பில் பட்டியலிலிருந்தே காணாமல் போகும், அதாவது வசூலுக்குப் போக வேண்டிய பில்தான் கண்ணில் படாது. லெஃப்ட் ஜாயின் போடுங்கள், அந்தப் பில்லும் வரும்; தவணைக்குப் பதில் வருகிற ‘நல்’ (null, மதிப்பே இல்லை என்ற குறி) வரிசையைச் சோதிக்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். பக்கத்துக்கு 20 பில் என்று லிமிட் 20 போட்டால் வருவது 20 வரிசை, 20 பில் அல்ல. இரண்டாவது பில்லின் பாதியிலேயே வெட்டுப்படும்.

கிளை இரண்டானால் நான் ஜாயினை விட்டுவிடுகிறேன். தனித்தனி குவெரி, பிறகு கோடில் கோர்ப்பது. முதல் குவெரியில் 20 பில். அந்த 20 எண்களையும் கொடுத்து சரக்குக்கு ஒன்று, வசூலுக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று. 200 பில் ஆனாலும் குவெரி நாலுதான். வந்த வரிசைகளை பில் எண்ணை வைத்து, எண்ணைச் சொன்னால் நேரே எடுத்துத் தரும் ஒரு டிக்‌ஷனரியில் அடுக்கி, அந்தந்த பில்லில் சொருகிவிடலாம். ஒவ்வொரு பில்லுக்கும் முழுப் பட்டியலையும் லூப்பில் தேடுகிற கோடை நிறையப் பார்த்திருக்கிறேன். 200 பில்லும் 2,400 சரக்கு வரிசையும் என்றால் அது 4,80,000 ஒப்பீடு. டிக்‌ஷனரி இருந்தால் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை தொட்டால் போதும்.

இதிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். எண்களை ‘இன்’ பட்டியலாக அனுப்பும்போது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் ஒரு குவெரிக்கு 2,100 பாராமீட்டர்தான் (குவெரியோடு நாம் கொடுக்கும் மதிப்பு) உச்சம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எண்களை ஒரே அர்ரேயாக (ஒரே பட்டியல் மதிப்பாக) அனுப்பி ‘எனி’ போட்டால் இந்தத் தலைவலி கிடையாது. இன்னொன்று நுட்பமானது. இரண்டாவது குவெரிக்கும் மூன்றாவது குவெரிக்கும் நடுவே கல்லாவில் இருப்பவர் ஒரு தவணையைப் பதிந்துவிட்டால், பில்லில் பழைய நிலவரமும் வசூலில் புதிய நிலவரமும் இருக்கும். டிரான்சாக்‌ஷனுக்குள் (பல குவெரியை ஒரே வேலையாகக் கட்டுவது) போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. போஸ்ட்கிரெஸின் வழக்கமான நிலை ரீட் கமிட்டட், அதில் ஒவ்வொரு குவெரியும் தனித்தனி நிலவரத்தைப் பார்க்கும். எல்லாக் குவெரியும் ஒரே நிலவரத்தைப் பார்க்க ரிப்பீட்டபிள் ரீட் என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஓஆர்எம், அதாவது டேபிளை ஆப்ஜெக்டாக மாற்றித் தரும் கருவி, வைத்திருப்பவர்கள் ‘இன்க்ளூட் போட்டால் தானாக வரும்’ என்பார்கள். வரும், எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி. டாட்நெட்டின் ஓஆர்எம்மான என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் 2019-இல் வந்த 3.0 பதிப்பு, அதுவரை தனித்தனி குவெரியாக எடுத்துக்கொண்டிருந்ததை ஒரே ஜாயினாக மாற்றியது. கிளை பல உள்ள இடங்களில் வரிசைகள் பெருகின. 2020-இல் 5.0 வந்தபோது ‘ஆஸ் ஸ்பிளிட் குவெரி’ கொடுத்தார்கள், பழைய வழி நாமாகக் கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் இன்றும் ஒரே ஜாயின்தான். ஆப்ஜெக்டில் கணக்கு தப்பாது, நகல்களை அது கழித்துவிடும். ஆனால் அத்தனை வரிசையும் ஒயரில் வந்துதான் ஆக வேண்டும். ஜாவாவின் ஓஆர்எம்மான ஹைபர்னேட்டில் இரண்டு லிஸ்ட்டை ஒன்றாக ஃபெட்ச் செய்யச் சொன்னால் ‘மல்டிபிள் பேக்’ என்று எரர் அடித்து நிறுத்திவிடும். கடுப்பாக இருக்கும், ஆனால் நல்லதுக்குத்தான்.

தொடும்போதுதான் எடுத்து வரும் லேசி லோடிங்கை நம்பி லூப்பில் ஒவ்வொரு பில்லாகத் தொட்டால் 200 பில்லுக்கு 601 குவெரி (பட்டியலுக்கு ஒன்று, பில்லுக்கு மூன்று). டேட்டாபேஸ் நம் லேப்டாப்பிலேயே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. போய் வர 2 மில்லிசெகண்ட் ஆகிற தூரத்தில் சர்வர் இருந்தால், வழியிலேயே 1.2 செகண்ட் போய்விடும். இந்த வழியை நான் ஒப்பீட்டிலேயே சேர்ப்பதில்லை.

எனக்கு ஆசையாக இருப்பது, பட்டியலை ஒரே எழுத்துச் சரமாகக் கட்டும் ஜேசன் வழி. போஸ்ட்கிரெஸில் இதற்கு 9.3 பதிப்பிலிருந்து ஜேசன் அக் (json_agg) இருக்கிறது, எஸ்க்யூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்து ஃபார் ஜேசன். சரக்குக்கு ஒரு சப்குவெரி (குவெரிக்குள் குவெரி), வசூலுக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று; ஒவ்வொன்றும் தன் பட்டியலைத் தானே மூட்டை கட்டிக்கொள்ளும். ஒரு பில்லுக்கு ஒரே வரிசை, வரிசை பெருகுகிற பேச்சே இல்லை. போஸ்ட்கிரெஸில் ஒரே குவெரி என்பதால் நிலவரமும் ஒன்றுதான், லிமிட் 20 என்றால் 20 பில்தான். மொபைல் ஆப்புக்கு அப்படியே ஜேசனாக அனுப்பப்போகிற பக்கம் என்றால் நடுவில் ஆப்ஜெக்டே கட்டத் தேவையில்லை.

ஆனால் மூட்டைக்குள் போன தேதி எழுத்தாகிவிடும், பைசா வரை துல்லியமாக வைத்திருந்த தொகை ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இறங்கும்போது பைசா பிசகக்கூடிய ஃப்ளோட் ஆகிவிடும். தொகையை டெக்ஸ்டாக மாற்றி உள்ளே வைப்பது என் பழக்கம். தவணையே இல்லாத பில்லுக்கு ஜேசன் அக் காலிப் பட்டியலைத் தராது, ‘நல்’ தரும். ‘நல்’ வந்தால் காலிப் பட்டியலை வைக்கும் கோஅலெஸ் போடாமல் விட்டால் ஆப் திறக்கும்போதே விழும். பில்லைக் கணக்குப் போட்டு மாற்றிச் சேமிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வழி வேண்டாம், தனித்தனி குவெரிக்கே போங்கள்.

வியூ பற்றி அதிகம் சொல்ல இல்லை. சாதாரண வியூ பெயர் வைத்த குவெரிதான், 72 வரிசை அதிலும் 72 வரிசைதான். போஸ்ட்கிரெஸின் மெட்டீரியலைஸ்டு வியூ குவெரியின் முடிவையே சேமித்து வைப்பதால் வேகமானது, ஆனால் புதுப்பிக்கும்வரை பழைய கணக்கைத்தான் காட்டும். புதுப்பிக்கும்போதும் படிக்கிறவர்கள் காத்திருக்கக் கூடாது என்றால் கன்கரண்ட்லி வேண்டும், அதற்கு யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராத தேடல் பட்டியல்) ஒன்று கட்டாயம்.

அண்ணாச்சியின் பில் பக்கம் இப்போது நாலு குவெரியில் ஓடுகிறது. லோடு ஏற்றும் பையன் போனில் பார்க்கிற பட்டியல் ஜேசன். வருடக் கணக்கு அறிக்கை மட்டும் மெட்டீரியலைஸ்டு வியூ, ராத்திரி 11 மணிக்குப் புதுப்பிக்கும்படி வைத்திருக்கிறேன். இன்றைக்கு வசூலான காசு அந்த அறிக்கையில் இன்றைக்குத் தெரியாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். “நாளைக்குத் தெரிஞ்சா போதும் தம்பி, மைனஸ்ல மட்டும் காட்டாம பாத்துக்கோங்க” என்றார்.