சாரதி எழுத்துப் பரீட்சைக்குப் புத்தகமா, வகுப்பா, கைத்தொலைபேசியா, ஏ-9 வீதியா?

நானும் அக்காவின் மகனும் ஒரே மாதத்தில் சாரதி அனுமதிப்பத்திரத்தின் எழுத்துப் பரீட்சைக்கு ஆயத்தமானோம். எனக்கு 36 வயது, அவனுக்கு 18. அவன் கைத்தொலைபேசியே போதும் என்றான். நான் ஒரு வினா விடைப் புத்தகமும் வீதிக் குறியீட்டுப் படத்தாளும் வாங்கினேன். அயலவர்கள் பயிற்சிப் பாடசாலை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். மூன்றையும் பார்த்தபின், குறியீட்டுப் படத்தாளையும் எங்கள் ஊர் வீதியையும் சேர்த்துப் படிப்பதே இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ளவருக்குச் சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன். மற்றவை துணைக்கு இருக்கலாம்.

பரீட்சையில் 40 பல்தேர்வு வினாக்கள். ஒரு மணித்தியாலம். சித்தியடைய 30 சரியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம். சித்தியடைந்து மூன்று மாதம் சென்ற பிறகுதான் செயன்முறைப் பரீட்சை. ஆகவே முதற்படியில் தவறினால் எல்லாமே தள்ளிப்போகும்.

வினா விடைப் புத்தகம் மலிவானது. அடுப்படியிலும் வயல் வரம்பிலும் இருந்து படிக்கலாம். ஆனால் அது மனப்பாடத்துக்கு இழுத்துச் சென்றுவிடும். என் புத்தகத்தை இரண்டு வாரம் படித்த அக்காவின் மகனை அதிலிருந்தே கேள்வி கேட்டேன். “அதற்கு மூன்றாவது விடை, சின்னம்மா” என்றான். அந்த விடை என்ன சொல்கிறது என்று கேட்டபோது விழித்தான். விடைகளின் வரிசையை மாற்றிக் கேட்டேன். பாதிக்கு மேல் பிழை.

இன்னொரு சிக்கல் சொற்களில் இருக்கிறது. பேச்சில் ‘நிற்பாட்டுவது’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். பரீட்சைத் தமிழில் ‘நிறுத்தல்’ வேறு, ‘தரித்தல்’ வேறு. ஆளை இறக்கிவிட ஒரு நிமிடம் நிற்பது நிறுத்தல். வண்டியை விட்டுவிட்டுச் சந்தைக்குள் போய் வருவது தரித்தல். தரித்தல் தடை உள்ள இடத்தில் ஆளை இறக்கலாமா என்ற கேள்வி இந்த வேறுபாட்டை அறியாதவரை வீழ்த்திவிடும். ‘முந்திச் செல்லல்’, ‘பாதசாரிக் கடவை’, ‘சமிக்ஞை’, ‘சுற்றுவட்டம்’ ஆகியவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிப் பொருளோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் கைகொடுத்தது அந்தக் கொப்பிதான்.

வகுப்பின் நன்மை, விளங்காததை உடனே கேட்கலாம் என்பது. எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிப்பவர்களுக்கும், பள்ளியை விட்டு நெடுங்காலம் ஆனவர்களுக்கும் அதுவே நல்லது. ஆனால் ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ நகரத்துக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும். நான் போய்ப் பார்த்த வகுப்பொன்றில் “இது வரும், இது வராது” என்றே ஒன்றரை மணித்தியாலமும் கழிந்தது. ஏன் அப்படி ஒரு விதி என்று ஒருவர்கூடச் சொல்லித் தரவில்லை. கட்டணம் கட்டும் முன் ஒரு நாள் இருந்து கேட்டுப் பாருங்கள்.

கைத்தொலைபேசியில்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து. தமிழில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்துக்கான காணொளிகள். தமிழ் ஒன்றுதான், வீதிச் சட்டம் ஒன்றல்ல. அங்கே எச்சரிக்கைக் குறியீடு சிவப்புக் கரையிட்ட முக்கோணம். நம் நாட்டில் அது முனையில் நிற்கும் மஞ்சள் சதுரம். வேக எல்லைகளும் வேறு. இங்கே காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊர்மனைக்குள் 50 கிலோமீற்றர், வெளியே 70. முச்சக்கரவண்டிக்கு 40.

கனடாவில் இருக்கும் உறவினர் அன்போடு அனுப்பும் பாடங்கள் இன்னும் குழப்பும். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். ஒன்ராறியோவில் சிவப்பு விளக்கில் முற்றாக நின்று, பார்த்து, வலப்புறம் திரும்பலாம். அதை இங்கே செய்தால் எதிரே வரும் வண்டியின் குறுக்கே போய் நிற்போம். அக்காவின் மகன் இவை எல்லாவற்றையும் ஒரே தலைக்குள் போட்டுக் கலக்கி வைத்திருந்தான். இலங்கைக்குரிய மாதிரி வினாத்தாள் என்று உறுதியானால் மட்டும், கடைசி வாரத்தில் நேரக் கணக்குப் பழகக் கைத்தொலைபேசியை எடுக்கலாம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் இருக்கிறது, பதற வேண்டியதில்லை என்பது அப்போது புரியும்.

இனி வீதி, அதாவது வன்னிக்குள்ளால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 நெடுஞ்சாலை. மாங்குளத்தில் பஸ் ஏறி யன்னல் பக்கம் இருந்து, கையில் படத்தாளோடு கிளிநொச்சி வரை போனோம். வெள்ளைக்கோடு எங்கே தொடர்ச்சியாகிறது, எங்கே விட்டு விட்டு வருகிறது என்று பார்த்தோம். வளைவிலும் பாலத்திலும் கோடு ஏன் தொடர்கிறது என்று அவனே சொன்னான்: எதிரே வருவது தெரியாது, முந்தக் கூடாது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வண்டிகளும் ஓரம் கட்டும். எந்தச் சாரதி சமிக்ஞை போட்டு ஒதுங்குகிறார், எவர் கண்ணாடியைப் பார்க்காமல் வெளியேறுகிறார் என்று கச்சான் கொறித்தபடி கவனித்தோம். இரவில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகளையும், பின்விளக்கு இல்லாமல் நெல்மூட்டையோடு போகும் உழவு இயந்திரத்தையும் நினைத்தால், எதிர் வண்டிக்கு ஒளியைத் தாழ்த்தும்போது வேகத்தையும் ஏன் குறைக்க வேண்டும் என்பதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

புகையிரதக் கடவைக்கு நான் கூடுதல் நேரம் கொடுத்தேன். 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. இருபது ஆண்டுக்கும் மேல் தண்டவாளமே இல்லாமல் வளர்ந்த தலைமுறை நாங்கள். கடவையில் நிற்கும் பழக்கம் எங்கள் உடம்பில் இல்லை. படலை இல்லாத கடவையில் அவனை மோட்டார் சைக்கிளின் பின்னால் இருத்தி, இயந்திரத்தை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, இரண்டு பக்கமும் பார்க்கவும் கேட்கவும் சொன்னேன். பரீட்சைக்காக மட்டும் அல்ல.

ஆனால் வீதியை மட்டும் நம்பவும் முடியாது. எங்கள் கிராமத்துப் பிள்ளை பல வண்டித் தடங்கள் கொண்ட சுற்றுவட்டத்தையோ அதிவேக நெடுஞ்சாலையையோ பார்த்திருக்காது. வினாத்தாளோ நாடு முழுவதற்கும் பொது. சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பதைச் சாணி மெழுகிய முற்றத்தில் சோக்கட்டியால் வட்டம் கீறி, தீப்பெட்டிகளை நகர்த்தித்தான் படித்தோம். குறியீடுகளை முதலில் வடிவத்தால் பிரித்துக்கொள்ளுங்கள்: சிவப்பு வட்டம் தடுக்கும், நீல வட்டம் கட்டளையிடும், மஞ்சள் எச்சரிக்கும். எண்கோணமும் தலைகீழ் முக்கோணமும் வேறெதற்கும் இல்லாத வடிவங்கள். செம்புழுதி எழுத்தை மூடியிருந்தாலும் ‘நில்’, ‘வழிவிடு’ என்று தெரிந்துவிடும்.

ஒரு மாதம் இருப்பவர் முதல் இரண்டு வாரத்தைப் படத்தாளுக்கும் சொற்கொப்பிக்கும் கொடுக்கலாம். மூன்றாவது வாரம் பஸ் யன்னல். வினா விடைப் புத்தகத்தை நான்காவது வாரத்தில் திறவுங்கள், அதுவும் விடையை மூடிவைத்து. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் புத்தகத்தை விட்டுவிட்டுப் படத்தாளை எடுங்கள். வகுப்புக்குப் போக வசதியில்லாத ஊரில், நான்கு பேர் சேர்ந்து ஒரே தாளை வாங்கி மாலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் இருவராகவே அப்படித்தான் செய்தோம். கேள்வி கேட்க என் முறை வந்த நாட்களில்தான் நான் அதிகம் படித்தேன்.