தேக்கடியில் படகா, நடையா?

பெரியாறு புலிகள் காப்பகத்தைக் காணத் தேக்கடிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஏரிப் படகுக்கே சீட்டு வாங்குகிறார்கள். சிலர் மட்டும் உள்ளூர் மக்களின் துணையோடு காட்டுக்குள் நடக்கிறார்கள், அல்லது மூங்கில் தெப்பத்தில் போகிறார்கள். காட்டின் மரபை எது நன்றாக எடுத்துச் சொல்கிறது என்பதை மட்டும் வைத்து இவ்விரண்டையும் ஒப்பிடுகிறேன்.

நடக்க முடியாத முதியவரும் கைக்குழந்தையோடு வரும் தாயும் யானைக் கூட்டத்தைப் பார்க்கப் படகுதான் வழி. ஆனால் தண்ணீருக்கு மேல் கறுத்து நிற்கும் பட்ட மரங்கள், 1895இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபின் மூழ்கிய காட்டின் மிச்சம் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆளில்லாவிட்டால், பயணிக்கு அவை பறவை உட்காரும் கட்டைகளே.

நடையில் அந்த ஆள் உடன் வருகிறார். வயனா எனப்படும் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள், 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக வழிகாட்டிகளானார்கள். அவர்களே காவல் சுற்றும் போகிறார்கள். பட்டை உரிந்த மரத்தின் பழைய தழும்பை ஒருவர் விரலால் தடவி, எவ்வளவு ஆழம் கத்தி இறங்கினால் மரம் பிழைக்காது என்று விளக்கும்போது, அந்த அறிவு எந்த விளக்கப் பலகையிலும் அடங்காது என்பது புரிகிறது. கூலியும் அவர்கள் கைக்கே போகிறது என்பதால், காடு நிலைத்தால்தான் தங்கள் பிழைப்பும் நிலைக்கும் என்பது அவர்களுக்குப் பாடமாக அல்ல, அன்றாடமாகத் தெரியும்.

ஆனாலும் நடையிலும் ஒரு பெருங்குறை உண்டு: பேச்சு பெரும்பாலும் விலங்குகளோடு நின்றுவிடுகிறது. இதே காப்பகத்துக்குள் சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களுக்குத் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. இப்பகுதியில் வாழும் மன்னான் பழங்குடியினர் தாங்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதோடு, கோவலன் கண்ணகி கதையைத் தங்கள் கூத்தில் பாடி ஆடுகிறார்கள். அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இன்றும் தேனிப் பக்கம் பாய்வதையும் சேர்த்துப் பார்த்தால், ஏரியும் கோயிலும் கூத்தும் ஒரே நிலத்தின் கதையாகின்றன.

எனவே என் தேர்வு நடைதான். ஆனால் நடப்பவர் கூட்டத்தைப் பெருக்கினால் காடு தாங்காது. ஒவ்வொரு படகிலும் மன்னான் ஒருவரை, அல்லது இப்பகுதியின் இன்னொரு பழங்குடியான பளியர் ஒருவரை, அவருக்கு உரிய ஊதியத்தோடும், தம் கதைகளில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர் சமூகமே முடிவு செய்யும் உரிமையோடும், கதைசொல்லியாக அமர்த்துவதே நான் கேட்கும் மாற்றம். அந்தப் பட்ட மரங்களிலிருந்தே அவர் தொடங்கலாம்.